அடுத்த வண்டியில் வருவாள்

ஃப்ரிட்ஜ் இரைந்துகொண்டிருப்பது, அதை அணைக்கும் வரை யாருக்கும் தெரிவதில்லை. ஆவணப்படம் எடுக்கிறவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கவனிப்பது அதைத்தான். வீட்டுக்காரர்கள் நம்மை உட்காரச் சொல்லி, தலையை வாரிக்கொண்டு வருவதற்குள், நாம் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜை அணைத்துவிடுவோம். ஒலிப்பதிவில் அந்த இரைச்சல் விழுந்தால் பேச்சு பாழ். திரும்பப் போட மறந்துவிடக் கூடாது என்பதற்காக வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவது எங்கள் வழக்கம். சாவியை எடுக்கப் போகும்போது ஞாபகம் வந்துவிடும். இத்தனை வருடத் தொழிலில் யார் வீட்டுப் பாலும் என்னால் கெட்டதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் கவனக்குறைவான ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்குச் சில கேள்விகள் கேட்கும் வேலை மிச்சமாகும்.

விழாக் குழுவின் சார்பில் விசாரிக்கிற நீங்கள் இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசுகிறீர்கள். டீ கொடுத்தீர்கள். ரெக்கார்டரை மேசையில் வைக்கும்போது என்னிடம் அனுமதி கேட்டீர்கள். நானாக இருந்தால் கேட்டிருக்கமாட்டேன், பேசாமல் ஓடவிட்டிருப்பேன். உங்களில் ஒருவர், திரைப்பட விழாவில் என் படம் முடிந்ததும் கழிவறைக்குப் போய் நின்று அழுததாக என்னிடமே சொன்னவர். இப்போது என் முகத்தைப் பார்க்காமல் கையிலிருக்கும் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்லமாட்டேன்.

விருது வாங்கிய படத்தின் மூலக் காட்சிகள் முழுவதையும், வெட்டி எறிந்தவை உட்பட, உங்கள் காப்பகத்துக்குத் தர வேண்டும் என்பது விழாவின் விதி. எல்லோரும் கொஞ்சம் சலித்துவிட்டுத்தான் தருவார்கள். நான் அப்படியே அள்ளிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டீர்கள். யாராவது பார்க்கட்டும் என்று நினைத்திருக்கலாம். இவ்வளவையும் எவன் உட்கார்ந்து பார்க்கப்போகிறான் என்றும் நினைத்திருக்கலாம். ஒரே தலைக்குள் இரண்டும் சண்டை போடாமல் இருந்தன. உங்கள் காப்பகக்காரர் உட்கார்ந்து பார்த்துவிட்டார்.

என் அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போக வேண்டும் என்பதற்கு அவர்தான் பொறுப்பு. கழுத்தில் விசில் தொங்கும். அவர் தலை தெரிந்தால் டிரைவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்கள். வீட்டிலும் அதே கதைதான். நான் பள்ளிக்கூடத்திலிருந்து தாமதமாக வந்தால் அடிக்கமாட்டார், திட்டமாட்டார், கடிகாரத்தை ஒரு தடவை பார்ப்பார். அவ்வளவுதான். சின்ன வயதில் அவர் என்னைப் பார்த்ததைவிடக் கடிகாரத்தைப் பார்த்ததுதான் அதிகம். இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மறதி நோய் வந்தது. அக்கா தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். டிப்போவுக்கு எதிர்ச் சாரியில், இரண்டாவது மாடி. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் வண்டிகள் வருவதும் போவதும் தெரியும். அப்பா எங்களை ஒவ்வொருவராக மறந்தார். முதலில் என்னைத்தான். அக்கா கூடவே இருந்தாள், நான் ஊர் ஊராகப் படம் எடுத்துக்கொண்டு திரிந்தேன், வரிசைப்படி பார்த்தால் நியாயம்தான். என்னை "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்தார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த கண்டக்டரைக் கூப்பிடுகிற அதே குரலில்.

அப்புறம் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். வீட்டுக்குக் கொண்டுவந்து சடங்கெல்லாம் முடியும் வரை அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் மதியம் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அக்காவைக் கேட்டார்.

"உங்கம்மா எந்த வண்டியில வர்றா?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழுது ஓய்ந்த முகத்தோடு நின்றவள், என்ன தோன்றியதோ, "அடுத்த வண்டியில வர்றாங்கப்பா" என்றாள்.

"சரி. அது எப்பவும் கொஞ்சம் லேட்டாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

அதிலிருந்து அந்த வீட்டில் அதுவே பதிலாகிப்போனது. தினமும் கேட்பார், தினமும் அதே பதில். அத்தான் சொல்வார், பக்கத்து வீட்டம்மா சொல்வார், மாடிக்குத் தண்ணீர் கேன் கொண்டுவருகிறவருக்குக்கூட அந்தப் பதில் மனப்பாடம். கேன்காரர் ஒருபடி மேலே போய், "இப்பத்தான் ஸ்டாண்ட்ல பாத்தேன் சார், கூட்டமா இருக்குன்னு அந்த வண்டிய விட்டுட்டாங்க" என்பார். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். கூட்டமான வண்டியில் ஏறாத மனைவி அவருக்குப் பிடிக்கும்.

நான் அப்பாவைப் பற்றிப் படம் எடுக்கலாம் என்று நினைத்தது இந்தக் கேள்விக்காகத்தான். முதல் சில நிமிடங்களைத் தொகுத்து எடுத்துக்கொண்டு வெளிநாட்டில் நடந்த ஒரு விழாவுக்குப் போனேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அங்கே படத்தை முடிக்க ஆதரவு தேடும் இயக்குநர்கள் எல்லோரும் கழுத்தில் அட்டையோடு ஒரு மேடையில் ஏறி, வரிசையாக உட்கார்ந்திருக்கும் தொலைக்காட்சிக்காரர்கள் முன்னால் தங்கள் படத்தை எடுத்துச்சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட பெண் பார்க்கிற நிகழ்ச்சிதான், பலகாரம் மட்டும் இல்லை. ஒரு பெண்மணி உருகிக்கொண்டிருக்கும் பனிமலை பற்றிப் பேசினார். ஒருவர் சுரங்கத்தில் வேலை செய்யும் சகோதரிகளைப் படம் எடுத்திருந்தார். மற்றபடி அந்த வருடம் பாதிப் பேருடைய அப்பாக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சாகிற படங்களுக்குள்ளேயே போட்டி கடுமையாக இருந்தது.

என் முறை முடிந்ததும் வரிசையின் ஓரத்தில் இருந்த அம்மாள் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். பெரிய ஒளிபரப்பு நிறுவனத்திலிருந்து வந்தவர், அவர் தலையாட்டினால் மற்றவர்களும் ஆட்டுவார்கள்.

"நல்லா இருக்கு. ஆனா இவரு எப்பவாவது உங்கள அடையாளம் கண்டுக்குவாரா? அப்படி ஒண்ணு நடந்தா எனக்குச் சொல்லி அனுப்புங்க."

அவர் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. படம் பார்க்கிற யாரும் கேட்கிற கேள்விதான். என் அப்பா என்னை அடையாளம் கண்டுகொள்வாரா என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

ஊர் திரும்பியதும் மதிய நேரங்களில் அக்கா வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அக்கா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். அதுவரை அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் பாதி நாள் விடுப்பிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் வருகிறேன் என்றதும் வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டாள். "நீ மதியத்துல வந்து உக்காந்துக்கறது எனக்கு எவ்ளோ பெரிய உதவி தெரியுமாடா" என்றாள். அந்த வாக்கியம் இப்போதும் என்னை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

என்னோடு வந்தது ஒலிப்பதிவு செய்கிற பெண். எங்கள் வட்டாரத்தில் அவளுக்குக் "காது" என்றுதான் பெயர். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் காது அதைவிட நீளம். நான் கேமரா, அவள் மைக், வேறு ஆள் கிடையாது. சின்னப் படங்களை இப்படித்தான் எடுக்கிறோம். காட்சி தொடங்கும்போது லென்ஸுக்கு முன்னால் நான் ஒரு தடவை கைதட்டுவேன். பின்னால் தொகுக்கும்போது படத்தில் கை சேரும் இடத்தையும் ஒலியில் தட்டல் கேட்கும் இடத்தையும் பொருத்திக்கொண்டால் போதும். காட்சி முடிந்ததும் எல்லோரும் அரை நிமிடம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். யாரும் பேசாதபோது அந்த அறை எப்படி ஒலிக்கிறது என்பதையும் பதிவு செய்துகொள்வோம். பேச்சை வெட்டிய இடங்களில் ஒட்டுப் போடுவதற்கு அது தேவை.

முதல் தடவை நடந்தது திட்டம் போட்டு நடந்தது அல்ல. இதை நீங்கள் நம்ப வேண்டும், ஏனென்றால் இதற்குப் பிறகு நம்பச் சொல்லி நான் எதையும் கேட்கப்போவதில்லை. அக்கா வேலைக்குப் போயிருந்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்து, "தம்பி, எங்க வீட்டம்மா எந்த வண்டியில வர்றாங்க?" என்று கேட்டார். நான் அடுத்த வண்டி என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் ஆவணப்படக்காரன். கேமரா ஓடும்போது பொய் சொல்வதில்லை என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தவன்.

"அம்மா இறந்துட்டாங்கப்பா. போன வருஷம்."

அவர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "எனக்கு யாரும் சொல்லலையே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் டூட்டில இருந்தேனா?" என்று கேட்டார். அதன் பிறகு உடைந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அழுதுகொண்டே இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

காட்சி முடிந்ததும் வழக்கப்படி அறையின் ஒலியை எடுக்க வேண்டியிருந்தது. "அரை நிமிஷம் அசையாம இருங்கப்பா" என்றேன். சொன்னபடி இருந்தார். ஒழுங்குக்குப் பேர்போன மனிதர் அல்லவா. தாடை நடுங்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணீரைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்காமல், அரை நிமிடம் முழுக்க உட்கார்ந்திருந்தார். அந்தப் பதிவு உங்களிடம் இருக்கிறது. அதில் அவர் அழுவது கேட்காது.

டீ குடித்து, பிஸ்கட் சாப்பிட்டு, நாங்கள் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "தம்பி, எங்க வீட்டம்மா எந்த வண்டியில வர்றாங்க?" என்றார். முகத்தில் ஒரு சுவடும் இல்லை. காது என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். "அடுத்த வண்டிங்க" என்று அவள்தான் சொன்னாள். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. எழுதியது தானாகவே அழிந்துவிடுகிறது. அப்புறம் என்ன.

அன்று வீட்டில் உட்கார்ந்து காட்சியைப் போட்டுப் பார்த்தேன். ஃப்ரிட்ஜை அணைக்க மறந்திருந்தோம். அப்பாவின் அழுகைக்கு அடியில் அது இரைந்துகொண்டே இருந்தது. மறுநாள் காதிடம், சத்தம் சரியில்லை, இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்றேன். அந்த இரைச்சலைக் கணினியில் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜை அணைத்தாள். சாவியை உள்ளே வைத்தாள். அவள் மேல் தப்பே இல்லை என்று நான் சொன்னால் அவளே ஒப்புக்கொள்ளமாட்டாள்.

இரண்டாவது தடவையும் அவர் அதையேதான் கேட்டார். நான் டூட்டில இருந்தேனா என்று. இரண்டாவது தடவையும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு நாள் வெளிச்சம் மாறிவிட்டது. ஒரு நாள் பக்கவாட்டிலிருந்து ஒன்று எடுத்துவைத்துக்கொள்ளலாம் என்று பட்டது. ஒரு நாள் கைகளை மட்டும் எடுத்தேன். எத்தனை தடவை என்று கேட்டீர்கள். கோப்புகள் உங்களிடம்தான் இருக்கின்றன, எண்ணிக்கொள்ளலாம். நான் எண்ணவில்லை. எப்படிச் சொன்னால் எப்படி அழுவார் என்பது மட்டும் எனக்கு அத்துப்படியாகிவிட்டது. மெதுவாகச் சொன்னால் சத்தமில்லாமல் அழுவார். பட்டென்று சொன்னால் முதலில் கோபப்படுவார், பிறகு அழுவார். ஆஸ்பத்திரியில் அம்மா கடைசியாக அவரைத்தான் கேட்டாள் என்று சேர்த்துக்கொண்டால் குழந்தைபோல ஆகிவிடுவார். அது உண்மைதான், அம்மா கேட்டாள். நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவரிடம் உண்மை பேசியவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

உங்களிடம் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் காட்சியே போதுமானதாக இருந்தது. அழகாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். மற்றதெல்லாம் அவர் என் கையைப் பிடிப்பதற்காகத்தான். பள்ளிக்கூட வாசலில்கூட என் கையைப் பிடித்து அழைத்துப்போகாத மனிதர். எனக்கு வேண்டியது கிடைக்க அவரிடம் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் அக்கா ஒரு விஷயத்தைச் சொன்னாள். அப்பா இப்போதெல்லாம் எந்த வண்டி என்று கேட்பதில்லையாம். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறாராம். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுகிறாராம். "நானா சொல்லிப் பாத்தேன்டா, அம்மா அடுத்த வண்டியில வர்றாங்கப்பான்னு. என்னையே உத்துப் பாக்கறார். நம்பாத மாதிரி பாக்கறார்" என்றாள். நோய் முற்றிவிட்டதோ என்று பயந்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். வண்டி ஓட்டியது நான். டாக்டர், இந்த நோயில் இப்படித்தான் படிப்படியாக இறங்கும் என்று சொல்லி இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காரணம் நான்தானோ என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. காத்திருக்கும் அறையில் வைத்து அதையும் படம் எடுத்தேன். படத்தில் இருக்கிறது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அதற்கு அடுத்த தடவைதான் காது என்னோடு வந்த கடைசித் தடவை. வழக்கம்போலக் கேமராவை வைத்தேன், கைதட்டினேன், எதிரே உட்கார்ந்தேன். காது சட்டென்று பதிவை நிறுத்தினாள். அவள் அப்படிச் செய்ததே கிடையாது. எழுந்து வந்து ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினாள். பதிவானதை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

"கேளு" என்றாள்.

கைதட்டல் கேட்டது. அதன் பின்னாலேயே அப்பாவின் மூச்சு. அடைத்துக்கொண்டு, பிறகு வெட்டி வெட்டி, உள்ளே இழுக்கிற மூச்சு.

"நீ இன்னும் வாயே திறக்கல. அவரு ஆரம்பிச்சுட்டாரு. என்ன சேதின்னு அவருக்குத் தெரியாது. நீ ஏதோ சேதி கொண்டு வர்றன்னு மட்டும் தெரியுது. போன தடவையும் கேட்டுச்சு. பிரமைன்னு நெனச்சேன். பிரமையா இருக்கட்டும்னு நெனச்சேன்."

நான் அப்பாவைப் பார்த்தேன். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, என் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காது மைக்கைப் பிரித்துப் பையில் வைத்தாள். சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைப் போட்டுவிட்டுச் சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். "என் பேரப் படத்துல போடாத" என்றாள். அதன் பிறகு என்னோடு அவள் பேசவில்லை. நான் நன்றிப் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்தேன். அது அவளுக்குச் செய்த மரியாதை என்று அப்போது நினைத்தேன்.

ஹெட்போனில் அந்த மூச்சைக் கேட்டபோது எனக்கு என்ன தோன்றியது என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்பீர்கள். முதலில் பயம்தான். செய்தி அழிந்துவிடுகிறது, வலி அழியவில்லை, அது ஒவ்வொரு தடவையும் அடியில் தங்கித் தங்கிக் கெட்டியாகிவிட்டது என்று புரிந்தது. அவரிடம் நான் விட்டுவைத்திருப்பது அது ஒன்றைத்தான் என்று புரிந்தது. இதெல்லாம் ஒரு கணம். அடுத்த கணம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்ட அந்த அம்மாளின் கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்தது என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். வெட்கப்படும் அளவுக்குக்கூட நேரம் இருக்கவில்லை.

கொஞ்ச நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அப்பா தேறினார். ஜன்னலோரம் மறுபடி உட்கார்ந்தார் என்று அக்கா போனில் சொன்னாள். ஒரு தடவை எந்த வண்டி என்றுகூடக் கேட்டாராம். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அத்தோடு நான் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கியிருந்தால் மிச்ச நாட்களை அவர் அடுத்த வண்டிக்காகக் காத்துக்கொண்டே கழித்திருப்பார்.

ஒரு நாள் காலையில் போனேன். அத்தான் அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் வெளியே வருவதற்குள் ஜன்னல் நாற்காலிக்கு நேராகக் கேமராவை வைத்து, ஓடவிட்டு, கீழே இறங்கிப் போய்விட்டேன். டிப்போ வாசலில் ஒரு டீ குடித்தேன். திரும்பி மேலே ஏறினேன். அத்தான் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருந்தார். அப்பா தலை வாரி, சட்டை மாற்றி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்றேன். கைதட்டவில்லை. ஒன்றும் பேசவில்லை. அவர் திரும்பினார்.

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். என் படத்தின் கடைசிக் காட்சி அது. ஒன்றும் தெரியாமல் இருந்த கண்கள் என்னைப் பார்த்ததும் மெல்ல விரிகின்றன. உதடு துடிக்கிறது. கண் நிறைந்து வழிகிறது. கை எழுந்து என் பக்கம் நீள்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் நினைத்தார்கள். உங்கள் நடுவர் குழு விருதுக் குறிப்பில் எழுதியதும் அதைத்தான். நோய் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகும் ஒரு தகப்பன் தன் பிள்ளையை அடையாளம் கண்டுகொண்ட கணம் என்று.

அப்பா அப்போது பேசினார். படத்தில் அது இல்லை. அவர் குரலை எடுத்துவிட்டு, டிப்போவிலிருந்து ஒரு வண்டி கிளம்பும் சத்தத்தை அங்கே வைத்தேன். உங்களிடம் இருக்கும் மூலக் காட்சியில் கேமராவின் சொந்த மைக் அதைப் பிடித்திருக்கிறது. உங்கள் காப்பகக்காரர் காதில் விழுந்ததும், நான் இன்று இங்கே உட்கார்ந்திருப்பதற்குக் காரணமும் அதுதான்.

"தம்பி, இப்ப யாருக்கு என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டார்.

கை நீட்டியது என்னைத் தொடுவதற்கு அல்ல. கிட்டே வராதே என்பதற்கு. கொஞ்சம் நிதானமாக ஓட்டிப் பார்த்தால் உள்ளங்கை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும். நான் அந்த இடத்தில் வெட்டிவிட்டேன்.

படத்தில் எங்கும் அவர் என்னைக் கண்டுகொண்டார் என்று எழுதவில்லை. உங்கள் விழாவில் படம் முடிந்து விளக்கு போட்டதும், ஒருவர் எழுந்து, அப்பா கடைசியில் உங்களைக் கண்டுகொண்டாரே, அந்தக் கணம் எப்படி இருந்தது என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாயைத் திறக்கவே இல்லை. அரங்கம் எழுந்து நின்றது. முன் வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மேடைக்கே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "உன்னத்தாண்டா. எங்க யாரையும் இல்ல, உன்ன மட்டுந்தாண்டா" என்று காதில் சொல்லிச் சொல்லி அழுதாள். பத்து வருடம் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, துடைத்துவிட்டவள். அவள் குரலில் துளிப் பொறாமை இல்லை.

விருதைத் திருப்பித் தருகிறேன். அதைப் பையிலேயே எடுத்து வந்திருக்கிறேன். படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள், காரணத்தையும் வெளியே சொல்லுங்கள். என் அப்பாவிடம் மிச்சமிருந்த ஒரே நிம்மதியை நான்தான் எடுத்தேன், தெரியாமல் அல்ல, தெரிந்த பிறகும் எடுத்தேன். ரெக்கார்டரில் இது சரியாகப் பதிவாகிவிட்டதா என்று வேண்டுமானால் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். உங்களிடம் சொல்வது எனக்கு அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. நீங்கள் என்னை மன்னிக்க வேண்டிய அவசியம் இல்லாதவர்கள்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

படம் வந்த பிறகு அவள் எனக்கு வாரா வாரம் போன் செய்கிறாள். ஒரு எட்டு வந்துவிட்டுப் போ, உன்னைப் பார்த்தால்தான் அப்பாவுக்கு உணர்ச்சியே வருகிறது என்கிறாள். இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் வந்தது. வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் அவள் படத்தின் போஸ்டரை எடுத்து அப்பாவின் அறைச் சுவரில் மாட்டிவிட்டாள். போஸ்டர் முழுக்க என் முகம்தான், அதற்காகவே பிற்பாடு எடுத்த, அதே வாசலில் நிற்கிற முகம். தெரிந்த முகம் ஒன்றாவது அவர் கண் முன்னால் இருக்கட்டுமே என்று மாட்டியிருக்கிறாள்.

இன்று காலை இங்கே கிளம்பிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள். அப்பா இப்போது படுத்த படுக்கைதான். எந்நேரமும் கட்டிலை ஒட்டிய சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்துக்கொள்கிறாராம், போஸ்டர் அவருக்கு முதுகுப் பக்கம் போய்விடுகிறதாம்.

"கட்டில அப்படியே திருப்பிப் போட்டுட்டா, கண்ணத் தெறந்தா உன் முகந்தான் தெரியும். திருப்பிப் போட்டுரட்டுமாடா?"

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள்.

"போடுக்கா" என்றேன்.